திருகாணிக்கு நேராக மூக்கு

அந்த சலூன்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் சுற்றி முடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிடமாட்டார். பின்னால் நின்றபடி இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளுக்கு மேலே வைப்பார். அழுத்தமில்லை, தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தைப் பிடிப்பதுபோல ஒரு பிடி. எதிரே உள்ள பெரிய கண்ணாடியின் மேல்சட்டத்தில், நட்டநடுவில், ஒரு பித்தளைத் திருகாணி இருக்கிறது. தலையை இம்மி இம்மியாக நகர்த்தி, மூக்கு அந்தத் திருகாணிக்கு நேர்கீழே வந்ததும் நிறுத்துவார். கைகளை எடுத்த பிறகும் விரல்கள் ஒரு கணம் காற்றில் நிற்கும், தலை வைத்த இடத்தில்தான் இருக்கிறதா என்று கேட்பதுபோல. இருந்தால் தொண்டைக்குள் ஒரு ‘ம்’. அந்த ‘ம்’ வந்தால்தான் முடி விழ ஆரம்பிக்கும்.

ஆட்களை அவர் அறிந்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்தான். தெருவில் எதிரே வந்து யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார். ஒருமுறை மருந்துக்கடை வாசலில் ஒருவர் உரிமையோடு தோளில் கைபோட்டுப் பேச, இவர் யாரென்றே தெரியாமல் பொத்தாம்பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கடையின் கண்ணாடிக் கதவில் அந்த முகம் தெரிந்தபோதுதான், “அட, நீங்களா” என்றார். மாதாமாதம் தலையைக் கொடுக்கிற மனிதர் அவர். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர், முடி வளர்ந்ததும் கோபம் தீர்ந்து வந்தார்.

கடைவீதியில் அவரை எல்லோரும் ‘என்னமோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்கள் மரியாதைக்கு ‘என்னமோ அண்ணன்’ என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதை இது. அவர் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போகும் நேரத்தில், பெஞ்சில் காத்திருப்பவர்கள் கடையில் எதையாவது இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். பவுடர் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் இடம் மாறும். அல்லது சீப்பு தலைகீழாகும். அவர் திரும்பி வந்து வாசலில் ஒரு காலை வைத்ததுமே நின்றுவிடுவார்.

“என்னமோ பண்ணிட்டீங்க.”

என்ன என்று கேட்டால் தெரியாது. அலமாரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துழாவிப் பார்த்துவிட்டு, யாரும் தொடாத கத்தியைக் காட்டுவார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு எழும். ஆனால் ஒரு விஷயம் எல்லோரையும் குடைந்தது. எதையும் மாற்றாமல், மாற்றியதுபோல நமுட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்து பார்த்தார்கள். அன்றைக்கெல்லாம் அவர் நேராக உள்ளே வந்து துண்டை உதறுவார். நிற்கவே மாட்டார்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். மோப்பம் பிடிக்கிற நாய்கூடப் போய்ப் பொருள் இருக்கும் இடத்தில் நிற்கும், இந்த ஆள் குரைப்பதோடு சரி என்பார். சலூன்காரருக்குக் கோபம் வராது. அவருக்கே அது ஓர் ஆச்சரியமாக இருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேப்பர் படிப்பதற்கென்றே தினமும் பெஞ்சுக்கு வந்துவிடுவார், அவரிடம் ஒருநாள் மெல்லச் சொன்னார்: “பாத்தது என் கண்ணுதான், அண்ணே. ஆனா என்னத்தப் பாத்துதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லமாட்டேங்குது.”

தபால்காரர் பேப்பரைத் தாழ்த்தாமலே, “வீட்டுல எம்பொண்டாட்டியும் அப்படித்தான்” என்றார்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. மைத்துனன் விஷயத்தில்தான் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. துணி ஆலை ஒன்றில், வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர். இஸ்திரி கலையாத சட்டை, மேல்பையில் கறுப்புக் கண்ணாடி. ஆலையில் அவனுக்குப் ‘பைலட்’ என்று பெயர். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவனை வளர்த்தாள். அவனை யாராவது ஒரு சொல் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. மாதம் தவறாமல் மாமாவின் கடைக்கு வந்து முடி வெட்டிக்கொள்வான். காசு கொடுக்கவும் மாட்டான், வாங்கவும் இவர் மாட்டார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், அவன் தலையில் வேலை முடிந்து துணியை அவிழ்த்தபோது சலூன்காரரின் கை நின்றது. கடை வாசலில் கால் நிற்குமே, அதே நிற்றல். கண்ணாடிக்குள் அவன் முகத்தைப் பார்த்தார். மூக்கு திருகாணிக்கு நேராக இருந்தது. மீசை வழக்கமான மீசைதான், வகிடும் வழக்கமான இடத்தில்தான். ஆனாலும் என்னமோ.

“பல்லு கில்லு புடுங்கினியா?”

“இல்லையே, மாமா.”

“இளைச்சிருக்கியா?”

“எடை கூடியிருக்குன்னு நான் கவலைப்படறேன். நீங்க வேற.”

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கிருதா கோணியது. காதோரம் இறங்கும் அந்த இரண்டு பட்டைகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவது அவருக்குக் கை வந்த வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வார் என்று சொல்லலாம். அப்படிப்பட்டவர் வெட்டிய கிருதா, மைத்துனன் முகத்தில் மட்டும் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது. கண்ணாடியில் பார்க்கும்போது சரியாக இருந்தது, வீட்டுக்குப் போனால் கோணலாக இருந்தது. பஸ்ஸில் வருகிற பெண்கள் சும்மா விடுவார்களா? உங்க மாமாவுக்கு ஒரு அடிஸ்கேல் வாங்கிக் கொடுங்க டிரைவரண்ணே, அக்காகிட்ட வாங்கின திட்டுக்கெல்லாம் உங்க காதோரமாப் பழி தீர்க்கிறாரோ என்றெல்லாம் ஓட்டினார்கள். அவன் அதை அக்காவிடம் வந்து சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெட்டுகிறவருக்கு மனசு வேலையில் இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

சலூன்காரருக்கு அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும், மண்டைக்குள் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. முடி வெட்டிக்கொள்ளும்போது மைத்துனன் வாய் ஓயாமல் பேசுவான். அப்படிப் பேசும்போது ஒருநாள், ஆலைக் கேட்டில் பஸ்ஸின் இடப்பக்கம் உரசிவிட்டது என்றான். கேட்டை வைத்தவன் கோணலாக வைத்திருக்கிறானாம். அடுத்த தடவை வந்தபோது மறுபடியும் உரசியிருந்தது, அதே இடப்பக்கம். இவ்வளவு காலத்தில் வண்டியில் ஒரு கீறல் விழாதவன் அவன். கூடவே ஒரு நல்ல சேதியும் சொன்னான். ஆலையில் பெரிய பஸ் வாங்குகிறார்களாம், பழையதைப்போல இரண்டு மடங்கு ஆட்களாம், மலைப்பாதை வழியாகப் பக்கத்து ஊர்ப் பெண்களையும் ஏற்றி வரவேண்டுமாம். அடுத்த மாதம் சாவி அவன் கைக்கு வருகிறது. கண் பரிசோதனையும் முடிந்துவிட்டது. எழுத்துப் பலகையில் கடைசி வரியைக்கூடத் தட்டாமல் படித்துவிட்டான்.

அன்று சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் ஒரு பஸ் நிறையப் பெண்கள். அதை ஓட்டப்போகிறவனிடம் என்னமோ சரியில்லை. என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் இருப்பது ஒரு ‘என்னமோ’வும் கோணல் கிருதாவும். இதை நம்பி ஒருவன் வேலையில் மண்ணள்ளிப் போட முடியுமா? போடாமல் இருந்து, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

வீட்டில் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எந்தம்பி முகத்துல என்ன சரியில்ல?”

“தெரியல.”

“தெரியாதத எதுக்குச் சொல்றீங்க?”

“தெரியாததனாலதான் சொல்றேன். தெரிஞ்சா அவங்கிட்டயே சொல்லியிருக்கமாட்டனா?”

அவன் தலையெடுத்து நாலு பேர் மதிக்கிற நேரம் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா என்றாள். சுத்தமாக வெட்டத் தெரியாமல் பழியை அவன் முகத்தின்மேல் போடுகிறீர்கள் என்றாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி முடித்தபின், எழுந்து போகிறவள் திரும்பி நின்று, இந்த ‘என்னமோ’வைக் கடைவீதியோடு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஆனால் அவள் விட்டுவிடவில்லை. கணவரின் இந்தப் பைத்தியத்தை ஒரேயடியாகத் தீர்த்துக்கட்ட அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவரிடம் சொல்லாமல் வீட்டில் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தாள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை அடுத்த ஆணிக்கு மாற்றினாள். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பை ஒரு காலில் கழற்றி, மறுகாலில் கழற்றாமல் நின்றார். “என்னம்மோ...” என்று இழுத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பயந்து உள்ளே போய்விட்டார். இன்னொரு நாள் கம்மலை மாற்றிப் போட்டுக்கொண்டாள். தட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், “பெயிண்ட் அடிச்சியா?” என்று சுவரைத் தடவினார். கம்மல் கண்ணில் படவே இல்லை. அவளுக்கு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கவேண்டியிருந்தது. ஒன்றும் மாற்றாத நாட்களில் மனிதர் நேரே போய் முகம் கழுவினார்.

எத்தனை முறை செய்து பார்த்தாலும் இதே கதை. சிரிப்பு மெல்ல மெல்ல அவளைவிட்டுப் போனது. ஒருநாள் வகிட்டை மறுபக்கம் எடுத்திருந்தாள். அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உனக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு?” என்று கேட்டார். அவள் அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள். கடை லீவு நாளில் வந்து மாமாவின் கடையில் கொஞ்சம் உட்காரச் சொன்னாள். எதற்கு என்றான். “கிருதாவ சரி பண்றதுக்கு” என்றாள்.

அவன் வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கைப் போட்டிருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்தபடி நாற்காலியில் சாய்ந்தான். சலூன்காரர் வழக்கம்போலப் பின்னால் போய் நிற்க, மனைவி தடுத்தாள்.

“எல்லாரையும் கண்ணாடிக்குள்ளயே பாத்துப் பழகிட்டீங்க. ஒரு தடவ அத விட்டுட்டு ஆளப் பாருங்க.”

அவர் நாற்காலியின் பூட்டைக் காலால் மிதித்து, கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி அவனைப் பெஞ்சுப் பக்கம் சுழற்றினார். முன்னால் போய் நின்றார். அவனும், “என்ன மாமா, பொண்ணு பாக்கிற மாதிரி” என்று சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மூக்குக்கு நேராக இங்கே திருகாணி ஏதுமில்லை. அதனால் அவர் கண் கீழே இறங்கியது. சட்டைப் பொத்தான் வரிசை பெஞ்சைப் பார்த்தது. பெல்ட் கொக்கி பெஞ்சைப் பார்த்தது. முழங்கால் இரண்டும் பெஞ்சைப் பார்த்தன. மூக்கு மட்டும் ஒரு விரற்கடை தள்ளி, அவனுக்கு இடப்பக்கம் இருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்தது. கொஞ்சமாக ஒரு சாய்வும் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பத் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டது போல.

“நேரா உக்காரு, மச்சான்.”

“நேராத்தான் உக்காந்திருக்கேன்.”

அவர் பின்னால் போய் இரண்டு உள்ளங்கைகளையும் அவன் காதுகளுக்கு மேல் வைத்தார். மெதுவாகத் தலையை நகர்த்தி, மூக்கைப் பொத்தான் வரிசைக்கு மேலே கொண்டுவந்தார்.

“கழுத்தத் திருகாதீங்க, மாமா.”

“திருகல. இதுதான் நேர்.”

“இதுவா நேர்? வலப்பக்கம் புடிச்சுத் திருப்பி வச்சிருக்கீங்க.”

எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதையே பார்க்கச் சொன்னார். பார்த்தான். மணி சொன்னான், முள் அசைவதைச் சொன்னான். அந்தக் கடிகாரக் கண்ணாடியில் தூசி படிந்திருப்பதைக்கூடச் சொல்லி மாமாவைக் கிண்டல் செய்தான். கைகள் தலையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு அலுத்துவிட்டது.

“அக்கா எங்க, போயிட்டாளா? டீ வாங்கி வரேன்னு சொன்னா.”

அவன் இடப்பக்கம், கைநீட்டினால் தொடும் தூரத்தில், டீ டம்ளரை அவனுக்கு நீட்டியபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

“இங்கதான்டா நிக்கிறேன்” என்றாள்.

அவன் தூக்கிவாரிப் போட்டவன்போலத் திரும்பினான். மாமாவின் கை நழுவியது. டீயை யாரும் குடிக்கவில்லை.

கண் டாக்டரிடம் அக்காதான் அழைத்துப் போனாள். வெள்ளைக் கிண்ணம்போல ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்தவன், மெஷின் பழசு போல, நடுநடுவே நின்று நின்று போகிறது என்றான். மெஷின் நிற்கவே இல்லை. இடது கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை பெரும்பகுதி போயிருந்தது. நடுப் பார்வை பழுதில்லாததால் எழுத்துப் பலகையை அவன் படித்ததில் பொய்யில்லை. போன இடம் கறுப்பாகத் தெரியாதாம். மூளை அக்கம்பக்கத்தில் இருப்பதை இழுத்து அந்த ஓட்டையை மூடிவிடுமாம். கேள்விப்பட்ட தையல்காரர், தையல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுப்போடும் அந்த ஆளைத் தன் கடைக்கு அனுப்பச் சொன்னார். சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். தெரியாத இடம் ஒன்று இருப்பதே மைத்துனனுக்குத் தெரியவில்லை. அவன் கழுத்துக்கு மட்டும் எப்படியோ தெரிந்து, நல்ல கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோக, தலையை அவனைக் கேட்காமலே திருப்பி வைத்திருந்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். அக்கா யோசித்து, மழைக்காலத்திலிருந்து என்றாள். கணவருக்குத் தோன்றியது அப்போதுதானே. இவ்வளவு போகக் கொஞ்ச மாதம் போதாதே என்று டாக்டர் சந்தேகப்பட்டார். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், வண்டி ஓட்டுவது மட்டும் இனி இல்லை என்றார்.

பெரிய பஸ்ஸின் சாவி வேறொருவன் கைக்குப் போனது. ஆலை இவனை வண்டிகள் புறப்படும் இடத்தில் மேற்பார்வைக்குப் போட்டது. மேல்பையிலிருந்த கறுப்புக் கண்ணாடி காணாமல் போயிற்று. அக்காவோடு பேசினான், கண்ணுக்குச் சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொண்டான். மாமாவின் கடைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறு கடையில் வெட்டிக்கொண்டான். ஒருநாள் அவனைத் தெருவில் பார்த்ததாகத் தபால்காரர் சொன்னார். சலூன்காரர் முதலில் கேட்டது, “கிருதா எப்படி இருந்துச்சு?” என்றுதான்.

“கோணலாத்தான்” என்றார் தபால்காரர்.

வெயில் தொடங்கியபோது ஒரு முற்பகலில் மைத்துனன் தானாகவே வந்தான். யாரையும் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். “அந்தாளு ஊரு உலகத்துக் கதையெல்லாம் பேசறான், மாமா. காது வலிக்குது.” அவ்வளவுதான் சமாதானம். சலூன்காரர் துணியை உதறிச் சுற்றினார். நாற்காலி நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, காலால் பூட்டை மிதித்தார். உள்ளங்கைகளை வைத்தார். மூக்கு திருகாணியைவிட்டு விலகியிருந்தது. இப்போது அது கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. திருத்தவில்லை; அவனுக்கு எது நேரோ அதுவே இருக்கட்டும் என்று விட்டார். கிருதாவை மட்டும் விரலால் அளந்து அளந்து வெட்டினார்.

வேலை முடிந்து அவன் கிளம்பிப் போனான், அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டு. பெஞ்சில் தபால்காரர் பேப்பரை மடித்தார்.

“ஏம்பா, மச்சான் மேல இன்னும் வருத்தமா? நாற்காலிய இன்னிக்கு அவனுக்குத் திருப்பிப் போடலயே.”

“திருப்பியா?”

“அவன் வந்து உக்காந்தா மட்டும் கொஞ்சம் வலப்பக்கமாத் திருப்பிப் பூட்டுவ. போனதும் கால்ல ஒரு தட்டு தட்டி நேரா வச்சிடுவ. மச்சானாச்சே, ஃபேன் காத்து நல்லா வரட்டும்னு பண்றேன்னு நெனச்சேன்.”

துண்டை உதறிக்கொண்டிருந்த கை நின்றது. அப்படிச் செய்ததாக அவருக்குத் துளியும் நினைவில்லை. அவன் மூக்கு இத்தனை நாளும் திருகாணிக்கு நேராக நின்றது அதனால்தானா? எப்போதிலிருந்து என்று கேட்டார்.

தபால்காரர் தலைக்குமேல் சுழலும் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். “இத மாட்டினியே, அன்னிக்கே திருப்பிப் போட்டுத்தான் அவனுக்கு வெட்டின. நான்தான் பாத்துட்டிருந்தனே.”

அந்த ஃபேன் மாட்டி இரண்டு கோடை கழிந்திருந்தது.